பலகைக்குள் இருந்த கூலி

காகித டேப்பைக் கிழிக்கக் கத்தரிக்கோல் தேவைப்படவில்லை. கட்டைவிரல் நகத்தால் ஓர் அழுத்து, ஒரு சுண்டு, பிறகு உள்ளங்கையால் ஒரு நீவு. கட்டில் தரைக்கு வந்துவிட்டது, மேசையும் வந்துவிட்டது. அலமாரிக் கதவைத் திறந்தால் அது எதுவரை வரும் என்பதுகூட ஒரு வளைகோடாக வந்துவிட்டது. எல்லாம் நீல டேப்பில், அசல் அளவில். கடைசியாக அவள் முக்காலியில் ஏறி, அளவுநாடாவைத் தொடாமலேயே, மேல்தட்டுக்காகச் சுவரில் ஒரு கோடு ஒட்டினாள். அந்த உயரம் கைக்கே தெரியும்.

"இன்னும் ஒரு சாமானும் வரல, அதுக்குள்ள இடிச்சுக்காம நடக்க வேண்டியிருக்கே" என்றார் வாசலில் நின்ற மருந்துக்கடைக்காரர். சொல்லிக்கொண்டே இல்லாத கட்டிலைச் சுற்றித்தான் உள்ளே வந்தார். மாடியறையைப் புதிதாக அமைக்க அவளைக் கூப்பிட்டிருந்தவர் அவர்தான்.

வீடுகளின் உள்ளே எது எங்கே நிற்க வேண்டும் என்று வரைந்து கொடுப்பது அவள் தொழில். எங்கும் படித்ததில்லை. கொண்டையில் செருகிய ஸ்கேலைப் பார்த்துப் பலகைக்கடையில் ஸ்கேலம்மா என்பார்கள். பதினெட்டு வருடமாக அவள் வரைந்தாள், தச்சரான அவள் கணவர் செய்தார். ஐந்து மாதத்துக்கு முன் வேலை நடந்த வீட்டிலேயே, இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவளுக்கு அழுகை வரவில்லை. எப்படியும் வரும் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சில நாள் காத்திருந்தார்கள். பிறகு அவர்களும் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

தனியாக அவள் எடுத்த முதல் வேலை இது. இது அமையாவிட்டால் தங்கை வீட்டுப் பின்னறையும், பலகைக்கடையில் ரசீது எழுதும் நாற்காலியும் காத்திருந்தன. முந்தின நாள் தங்கை போனில் கேட்டிருந்தாள்.

"எவ்வளவு கேக்கப்போற?"

"தெரியல."

"வாயைத் திறந்து நீ ஒண்ணு சொல்லுக்கா. நீ சொல்லலேன்னா அவங்க சொல்லுவாங்க, அது உனக்குக் கட்டுப்படியாகாது."

"ம்."

இப்போது மருந்துக்கடைக்காரர் சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்தார். அவர் மனைவியும் படியேறி வந்து நின்றார்.

"உங்களுக்கு முன்னாடி மூணு பேரைக் கேட்டேன். ஒருத்தர் சதுர அடிக்கு இவ்வளவுன்னார். இன்னொருத்தர் மொத்தச் செலவுல பத்துல ஒரு பங்கு. மூணாவது ஆள் தங்கமான மனுஷன். கூலியே வேண்டாம், சாமானை மட்டும் நான் சொல்ற கடையில வாங்குங்கன்னார்."

"சதுர அடின்னா தரை மட்டுமா, சுவரும் சேர்த்தியான்னு கேட்டு எழுதி வாங்கிக்கங்க" என்றாள் அவள். "பங்கு வாங்குறவருக்கு, சாமான் விலை ஏற ஏறப் பங்கும் ஏறும். அது தப்புன்னு சொல்லல. தெரிஞ்சு ஒத்துக்கணும், அவ்வளவுதான்."

"அந்தத் தங்கமான மனுஷன்?"

"அவருக்குக் கடைக்காரர் குடுப்பார். அது உங்க சாமான் விலையிலயே இருக்கும்."

"தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்காதேம்பாங்க" என்றார் மனைவி. "இங்க மாட்டுக்குக் காசு குடுத்ததே நாமதான் போல."

"சரி, நீங்க எவ்வளவு வாங்குவீங்க?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"இதுவரைக்கும் தனியா வாங்கினதில்லைங்க. எங்க வீட்டுக்காரர் பலகை வேலைக்கு அடிக்கணக்குல ஒரு தொகை சொல்லுவார். அதுக்குள்ளயே நான் வரையற படமும் இருந்துச்சு."

"அதுல உங்க பங்கு எவ்வளவு?"

"கேட்டதில்லை."

மருந்துக்கடைக்காரர் தலையாட்டினார். "நம்ம கதையும் அதுதான். சாப்பாட்டுக்கு முன்னாடி போடு, பின்னாடி போடுன்னு தினம் ஐம்பது பேருக்குச் சொல்றேன். அதுக்கு எவன் காசு குடுக்கறான்? மாத்திரை விலையில வந்துடும். ஆனா நீங்க இப்ப பலகை விக்கலயே."

"இல்லீங்க."

மனைவி இதற்குள் சுவரோரம் போயிருந்தார். கையை உயர்த்திப் பார்த்தார். விரல்நுனிக்கும் நீலக்கோட்டுக்கும் நடுவே ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான இடைவெளி இருந்தது.

"இது என்ன கோடு?"

"மேல்தட்டும்மா."

"யாருக்கு? எனக்கு ஏணியும் சேர்த்துச் செய்யணுமா?"

அவள் கோட்டைப் பார்த்தாள். புது வீட்டுக்குப் போனதும் அவள் கணவர் சுவரோரம் நின்று கையை உயர்த்துவார், அவர் விரல்நுனியில் அவள் டேப் ஒட்டுவாள். பிறகு அவர் வீட்டுக்காரரை ஏற இறங்கப் பார்த்து, "நாலு அங்குலம் இறக்கு" என்பார். "ஆறு இறக்கு" என்பார். அவர் கை ஆரம்ப அளவு. அதிலிருந்து இறக்குவதுதான் கணக்கு. வருடங்கள் ஆக ஆக அவர் கையை உயர்த்தத் தேவையில்லாமல் போயிற்று, அவளே ஒட்டிவிடுவாள். இன்றும் ஒட்டினாள். இறக்கச் சொல்ல ஆளில்லை.

உள்ளே ஏதாவது ஆகும் என்று ஒரு கணம் நின்றாள். எதுவும் ஆகவில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து ஒட்டியதில் கால் மரத்துப்போயிருந்தது, அதுமட்டும் தெரிந்தது.

"மறுபடி கையைத் தூக்குங்கம்மா. எக்காதீங்க, சும்மா நில்லுங்க."

விரல்நுனியில் ஒரு துண்டு டேப் ஒட்டினாள். எடுப்பதற்கு விரல் மடங்க வேண்டும் என்று அதற்கு இரண்டு அங்குலம் கீழே கோட்டை ஒட்டினாள். முக்காலியில் ஏறிப் பழைய கோட்டை உரித்தாள். அது கிழியாமல் முழுசாக வந்தது. இரண்டு கோட்டுக்கும் நடுவே இருந்த தூரத்தை உரிப்பதற்கு முன்பே குறித்துக்கொண்டிருந்தாள். பதினேழு அங்குலம்.

"பலகை அறுத்தப்புறம் தெரிஞ்சிருந்தா?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"ஒரு அலமாரி வீணாயிருக்கும்."

டேப்பை விரலில் சுருட்டிக்கொண்டே சொன்னாள். "அளக்க, வரைய, வேலை நடக்கும்போது வந்து பார்க்க, எல்லாம் சேர்த்துப் பதினெட்டு நாள். ஒரு நாளைக்குத் தச்சருக்கு என்ன கூலியோ அதே எனக்கு. எந்தக் கடையிலயும் எனக்குப் பங்கு கிடையாது. மூணுல ஒரு பங்கு இப்ப, ஒண்ணு படம் குடுக்கறப்ப, மீதி அறையை ஒப்படைக்கறப்ப. இன்னைக்கு நாளைச் சேர்க்கல. கோடு என் தப்பு."

"பென்சிலுக்கும் உளிக்கும் ஒரே கூலியா?"

"ஆமாங்க."

மருந்துக்கடைக்காரர் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யானையை வாங்கிட்டு அங்குசத்துக்கு அழாதீங்க" என்றார் மனைவி.

மருந்துக்கடைக்காரர் காகிதத்தில் அந்த மூவருக்கும் எழுதியிருந்த மூன்று வரிகளையும் அடித்துவிட்டு, நான்காவதாக ஒன்று எழுதினார்.

அறை முடிய இரண்டு மாதம் ஆனது. புதுத் தச்சர் வாய் ஓயாதவர். படத்தில் எழுதியிருந்த ஒவ்வோர் அளவையும் உரக்கப் படித்துவிட்டுத்தான் அறுப்பார். அவள் வந்து பார்த்தாள், இரண்டு கீலை மாற்றச் சொன்னாள், போனாள். தங்கை போனில் கேட்டதற்கெல்லாம் "ம்" என்றாள்.

கடைசி நாள் மரத்தூளைத் துடைத்தாள். கதவுகளைத் திறந்து காட்டினாள். அவை டேப்பில் வளைந்த கோட்டின்படியே வந்து, கட்டில் காலைத் தொடாமல் நின்றன. மருந்துக்கடைக்காரர் மீதித் தொகையைக் கொடுத்தார். அவள் ரசீது எழுதினாள். 'வரைபடக் கூலி' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள். அந்த இடத்தில் எப்போதும் அவள் கணவர் கையெழுத்துத்தான் இருக்கும்.

படங்களைச் சுருட்டிய குழாயையும் அலமாரிச் சாவிகளையும் மனைவியிடம் நீட்டினாள். அவர் குழாயை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஒரு சாவியை மேல்தட்டில் வைத்துப் பார்த்தார். எக்காமல், விரலை மடக்கி, அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.