சந்தன நிறப் பாவும் என் பிக்கப்பும்

போன மாதம் எங்கள் தெருவில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு பிக்கப் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். வண்டி என்னுடையது. ரிப்பேர் ஒன்றும் இல்லை... இன்ஜினுக்கு சக்தி கூடிவிட்டதுதான் காரணம்.

நான் பந்தல் சாமான் வாடகைக் கடை வைத்திருக்கிறேன். அண்டா, நாற்காலி, சமுக்காளம் எல்லாம் சுமப்பது அந்த டீசல் பிக்கப்தான். வாங்கும்போதே பழசு. நல்ல இன்ஜின்தான், ஆனால் லோடு ஏற்றினால் முனகும். மாகறலில் ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது ஷேர் ஆட்டோ ஒன்று என்னை முந்தியது. அதன் பின்சீட்டுக் குழந்தை எனக்கு டாட்டா வேறு காட்டியது. பொறுக்குமா?

பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து படித்தேன் — டர்போ வைக்கலாம், பெரிய சைலன்சர் போடலாம், பம்ப்பில் டீசலைக் கூட்டலாம். பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஏனாத்தூர் ரோட்டில் மெக்கானிக் சாலமனிடம் போனேன். இருபது வருஷமாக டீசல் இன்ஜினோடு குடித்தனம் நடத்துபவர். நிதானமாகப் படித்துவிட்டு, மடித்து என்னிடமே கொடுத்தார்.

"டர்போ வெச்சுக்கினு எந்த ரேஸுக்கு சார் போவப் போறீங்க? ஏர் ஃபில்டர் அடைச்சுக்கினு இருக்குது. அதை மாத்திட்டு, டீசல் பீச்சுற இன்ஜெக்டரைக் கழட்டிப் பாக்கலாம். போதும்."

எனக்குப் போதவில்லை. "டீசலையாவது கொஞ்சம் ஏத்தி வைப்பா" என்று பிடிவாதம் பிடித்தேன்.

"டீசல் ஏறினா காத்தும் ஏறணும் சார். இல்லன்னா கரும்புகைதான்" என்றார். வேண்டாவெறுப்பாக டீசல் பம்ப்பின் ஸ்க்ரூவைத் திருப்பினார்.

இழுவை பிரமாதம்! அந்த சந்தோஷத்தில் நான் பின்னால் பார்க்கவே இல்லை.

மறுநாள் காலை லோடோடு எங்கள் தெருவில் திரும்பினேன். என் குடோனுக்கு வேறு வழி கிடையாது. தெரு ஓரமாக, நீளவாக்கில், ஒரு முகூர்த்தப் புடவைக்கான பட்டுப் பாவு — நெசவுக்கு முன்னால் நூலை இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவார்களே, அது. சந்தன நிறம். நெசவாளர் ஏகாம்பரம் ஓடிவந்து பானெட்டில் கை வைத்தார்.

"சார், ஆஃப் பண்ணுங்க. பின்னால பாருங்க."

பார்த்தேன். தெருமுனையே தெரியவில்லை, அவ்வளவு புகை. இன்னும் பத்தடி போயிருந்தால் ஈரக் கஞ்சியில் கரி ஒட்டியிருக்கும். யாரோ ஒரு பெண்ணின் கல்யாணப் புடவை, இவருடைய உழைப்பு... சட்டென்று இன்ஜினை அணைத்தேன்.

அவர் திட்டவில்லை. நாலு பேரைக் கூப்பிட்டார். நான் ஸ்டியரிங்கைப் பிடிக்க, பாவு முடியும் இடம் வரை தள்ளிக் கொடுத்தார்கள். வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "இப்பதான் சார் இழுவை நல்லா இருக்குது" என்றார் ஏகாம்பரம்.

வெட்கத்தோடு சாலமனிடம் ஓடினேன். ஸ்க்ரூ பழைய இடத்துக்கே வந்தது. புது ஏர் ஃபில்டர், இன்ஜெக்டருக்குப் புது நாசில், நசுங்கியிருந்த சைலன்சர் பைப்புக்கு வேறு துண்டு. அவ்வளவுதான் என் அப்கிரேடு. முனகல் நின்றுவிட்டது. ஷேர் ஆட்டோ இன்னமும் முந்துகிறது. முந்தட்டும், எனக்கு நிம்மதியாகத்தான் இருக்கிறது.

தெருவுக்குள் விடுவதற்கு முன் ஏகாம்பரம் ஒரு சோதனை வைத்தார். கழிவு வெள்ளைப் பட்டு இழை ஒரு பிடி எடுத்து, சைலன்சருக்கு ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "மிதிங்க" என்றார். மிதித்தேன். இழையை வெயிலில் தூக்கிப் பார்த்தார். விரலில் தேய்த்தார். எனக்குப் பரீட்சை ரிசல்ட் நாள் போல இருந்தது.

"சரி, வாங்க."

அரசாங்கத்தின் புகைச் சான்றிதழை ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும். ஏகாம்பரத்திடம், பாவு நீட்டும் ஒவ்வொரு காலையும் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது!