வாசிக்கத் தெரியாதவர்களுக்கு மட்டும் வேலை

வரலாற்றில் பட்டம் எடுத்துவிட்டு மன்னாரில் வேலையில்லாமல் இருந்தேன். அரசாங்க அலுவலகமான கச்சேரியின் வாசலில் மற்றப் பட்டதாரிகளோடு வேலை கேட்டுப் பதாகை பிடித்து நின்ற நாட்களில்தான் அந்த வேலை வந்தது. கீரிக் கிராமத்தில் எழுத வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் படிப்பித்து, பக்கத்து நண்டுக் கம்பனிக்கு வேலைக்கு அனுப்ப ஒரு தொண்டு நிறுவனம் திட்டம் போட்டிருந்தது. எழுத்தறியாதவர்கள் இருந்த புண்ணியத்தில் ஒரு பட்டதாரிக்கு வேலை கிடைத்தது. அரசாங்கத்தால் முடியாத காரியம் அது.

எழுத வாசிக்கத் தெரிந்தவர்களைத்தான் எடுப்போம் என்று கம்பனி சொல்லியிருந்தது. வேலை, அவித்த நண்டை உடைத்துச் சதை எடுப்பது. நண்டின் ஓட்டில் வாசிக்க என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் வேலை போயிருக்கும்.

மாதா கோயில் மண்டபத்தில் பின்னேரம் வகுப்பு. வந்தவர்களில் ஒரு அக்கா தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பியவர். சின்ன வயதில் படகேறிப் போனவர், அங்கே பள்ளிக்கூடம் போகாமல் தம்பி தங்கைகளைத் தூக்கி வளர்த்தாராம். பேச்சில் பாதி இந்தியத் தமிழ். எதையும் உரத்துத்தான் வாசிப்பார். மனதுக்குள் வாசியுங்கோ என்றால், "மனசுக்குள்ள வாசிச்சா எனக்கே கேக்கல டீச்சர்" என்பார்.

வகுப்பில் முதலில் வேலை கிடைத்தது அவருக்குத்தான். கம்பனிக்குள் போனவர் கண்ணில் பட்டதையெல்லாம் வாசித்தார். சவர்க்காரப் பெட்டி, தீயணைப்புக் கருவி, கழிவறைக் கதவு எதையும் விடவில்லை. ஒருநாள் ஐஸ் பெட்டிக்கு மேலே, பரிசோதனைக்கு வருகிறவர்கள் பார்ப்பதற்காக ஒட்டியிருந்த அறிவித்தலையும் வாசித்தார்.

"காலையில் தொழிலாளர்களுக்குத் தேநீர் இடைவேளை உண்டு. அமர்ந்து வேலை செய்யக் கதிரைகள் வழங்கப்படும்."

அந்தக் குரல் கொட்டில் முழுவதும் கேட்டது. விடியலிலிருந்து நின்றுகொண்டிருந்த பெண்கள் கத்தியை வைத்துவிட்டுக் கதிரை எங்கே என்று பார்த்தார்கள். பிறகு எல்லோரும் நிலத்தில் உட்கார்ந்து தேநீருக்குக் காத்திருந்தார்கள்.

அன்று பின்னேரமே கம்பனி முகாமையாளர் மோட்டார் சைக்கிளில் மண்டபத்துக்கு வந்துவிட்டார்.

"பிள்ளை, நீங்கள் இவைக்கு என்ன படிப்பிக்கிறீங்கள்?"

"எழுத்துத்தான் ஐயா."

"எழுத்தோட விட்டிருக்கலாமே. வசனம் ஏன்?"

தேநீரும் கதிரையும் வந்தன. ஆனால் அடுத்த முறை ஆள் எடுத்தபோது நிபந்தனை தலைகீழாகியிருந்தது. என் வகுப்பில் மிக நன்றாக வாசிக்கும் இளம் தாய் ஒருத்தி நம்பிக்கையோடு போனாள். "வாசிக்கத் தெரியுமோ?" என்று கேட்டார்களாம். "ஓம்" என்று பெருமையோடு சொல்லியிருக்கிறாள். பிறகு அறிவிக்கிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். அவளுக்குப் பின்னால் நின்ற, ஒரு நாளும் வகுப்புக்கு வராத பெண்ணுக்கு அங்கேயே கையுறை கொடுத்தார்களாம். மண்டபத்துக்கு வந்து அவள் அழுதபோது எனக்கு வந்த கோபத்தை எங்கே காட்டுவதென்று தெரியவில்லை. கரும்பலகையைத்தான் அழுத்தி அழுத்தித் துடைத்தேன்.

செய்தி ஊரெல்லாம் பரவியது. ஞாயிறு பூசையில் வாசகம் வாசித்த பெண்கள் திங்கட்கிழமை கம்பனி வாசலில் கைநாட்டு வைக்கப் பெருவிரலை நீட்டினார்கள். கொழும்பிலிருந்து கணக்கெடுக்க வந்த அதிகாரியிடமும், கம்பனிக்குத் தெரிந்துவிடும் என்று பயந்து, ஒரு எழுத்தும் தெரியாதென்றே சாதித்தார்கள். கீரியில் எழுத்தறிவின்மை கவலைக்கிடமாகக் கூடியிருப்பதாக அவர் அறிக்கை எழுதினார். திட்டத்தை நீடித்தார்கள், என் வேலையையும் நீடித்தார்கள். கூட்டத்தில் என் அர்ப்பணிப்பைப் பாராட்டிக் கை தட்டினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதை அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

திருப்பி அனுப்பப்பட்ட அந்த இளம் தாய் அடுத்த மாதம் மறுபடி போனாள். அகப்பட்ட கடதாசியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். வேலை கிடைத்துவிட்டது. அன்றைக்கும் வகுப்புக்கு வந்தாள், பெருவிரலை முந்தானையில் தேய்த்தபடி.

"மை போகுதில்லை ரீச்சர். தேசிக்காய்ப் புளி போட்டுத் தேய்ச்சும் பாத்திட்டன்."

அவளுக்குப் பக்கத்தில் முகாம் அக்கா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தொழில் சட்டம் பற்றிய சின்னப் புத்தகம் ஒன்றைத் தொழில் திணைக்களக் கந்தோரில் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். அதை எடுத்துக் கொடுத்து, இதை மட்டும் கொஞ்சம் சத்தம் குறைத்து வாசியுங்கோ என்றேன். அவர் எழுந்து போய் மண்டபத்து யன்னல்களைச் சாத்திவிட்டு வந்து, உரத்த குரலில் தொடங்கினார்.