இறந்தவருக்கு வைத்த சிகரெட்

பக்கத்து மலாய் வீட்டிலிருந்து சாம்பிராணி மணம் வருகிறது. ஊரில் அந்த மணம் வந்தால் கை தானாகக் குவியும். இங்கே, புக்கிட் காதில் என்ற ஊரின் மரவள்ளிக் காட்டில், என் கை மண்வெட்டியை விட்டுவிட்டுச் சட்டைப் பையைத் துழாவுகிறது. பை காலி. ஆனாலும் யாராவது பார்த்துவிட்டார்களோ என்று திரும்பிப் பார்க்கிறேன். பேரன் எடுக்கிற வயதில் ஒரு மனிதன் தன் கையைக் கண்டே வெட்கப்படுகிறான். கடிதம் கப்பலேறாத காலம் இது. ஊரிலிருக்கும் பழைய சிநேகிதரான உங்களுக்கு இது என்றைக்கு வந்து சேருமோ தெரியாமல்தான் எழுதுகிறேன்.

ஜப்பான்காரன் வந்தபின், நான் கணக்கெழுதிய கடையில் துணி தீர்ந்தது. குமாஸ்தாவுக்கு வேலையும் தீர்ந்தது. தீராதது புகை ஆசை ஒன்றுதான். பங்கீட்டு அரிசியில் பாதியைப் புகையிலைக்கு மாற்றினேன். அதுவும் அகப்படாத நாளில் காய்ந்த பப்பாளி இலையைச் சுருட்டி இழுத்தேன். இருமினால் நெஞ்சுக்குள் யாரோ பாய் கிழிப்பதுபோல் இருக்கும். ஆஸ்பத்திரியில் கட்டுப்போடும் டிரெஸ்ஸர் என் முதுகில் காது வைத்துக் கேட்டார். “மருந்து கிடையாது ஐயா. இதை விட்டால் அடுத்த மழைக்கு இருப்பீர்கள்,” என்றார். நாகப்பட்டினத்தில் கப்பலேறும்போது மனைவி கேட்டது ஞாபகம் வந்தது: “அங்கே இருமினால் யார் உங்கள் நெஞ்சைத் தடவுவா?” அன்றைக்கும் என் வாயில் சுருட்டு இருந்தது.

அப்போது டவுனில் காஜா பேராங் என்ற பகுதியில், ஒரு செட்டி வீட்டின் பின்னறையில் குடியிருந்தேன். நம் பக்கத்து வட்டிக்கடைச் செட்டியாரை நினைத்துவிடாதீர்கள். இவர்கள் எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் வந்து, இங்கேயே பெண் கட்டி, தமிழை மறந்தும் பிள்ளையாரை மறக்காதவர்கள். வீட்டுக்குச் சொந்தக்காரர் மீனாட்சியம்மாள் ஒரு கைம்பெண். சாரோங் கட்டி, திருநீறு பூசி, மலாய் பேசுவார். அவர் நாவில் தங்கிப்போன தமிழில் ‘தம்பி’யும் ஒன்று. நான் அவரை மக்சிக் என்பேன். நம் அத்தை, சித்தி மாதிரி.

புகையை விடுவதற்கு என் ஓட்டை மலாயில் அவரிடம் உதவி கேட்டேன். இரண்டு விரலை உதட்டில் வைத்துக் காட்டி, நெஞ்சைத் தொட்டு, கும்பிட்டேன். பாவம் என்று உள்ளே போய், தம் வெற்றிலைத் தட்டிலிருந்த புகையிலையைக் கிள்ளிக்கொண்டு வந்து நீட்டினார். “வேண்டாம், வேண்டாம்!” என்று சொல்லும்போதே என் கை அதை வாங்கிக்கொண்டது. பிறகுதான் அவருக்கு விளங்கியது. சிரிக்கவில்லை. “என் வீட்டுக்காரரும் இந்த இருமலில்தான் போனார். நான் கத்தியும் கேட்கவில்லை. நீயாவது கேட்கிறாயே, தம்பி,” என்றார்.

அன்று முதல் மாலைதோறும் என் விரல்களை முகர்ந்து பார்ப்பார். நானும் பள்ளிப் பையன்போல் நீட்டுவேன். எனக்கு ஆசை முறுக்கும்போது ஒரு கிராம்பை என் வாயில் போட்டுவிட்டு, அதன் காரம் அடங்கும்வரை எதிரே உட்கார்ந்து அக்கம்பக்கத்து வம்பெல்லாம் பேசுவார். பாதிதான் புரியும். அந்தப் பாதி போதுமாயிருந்தது. இருமல் தணிந்தது. பங்கீட்டு அரிசி முழுவதையும் மறுபடி சோறாக்கித் தின்றேன்.

பொங்கலுக்கு முதல் நாள் அவர்கள் முன்னோருக்குப் படைப்பார்கள். இறந்தவருக்குப் பிடித்ததெல்லாம் வாழையிலையில் இருக்கும். படைத்ததும் எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவார்கள். உள்ளே இறந்தவர்கள் நிம்மதியாகச் சாப்பிட வேண்டுமாம். பிறகு கதவைத் தட்டிவிட்டுத்தான் நுழைவது. நம் பக்கம் முனியய்யாவுக்குச் சுருட்டு வைப்போம்; இங்கே மீனாட்சியம்மாள் கணவருக்கு ஒரு சிகரெட் வைத்தார். அசல் சீமைச் சிகரெட். ஒரு நல்ல சாரோங்கைக் கொடுத்து வாங்கியது. உயிரோடிருந்தபோது பிடுங்கி எறிந்தவர், இறந்தவருக்குத் தம் கையால் வைத்தார்.

எல்லோரும் வெளியே போனபோது நான் காய்ச்சலில் பின்னறையில் படுத்திருந்தேன். படையலுக்கும் எனக்கும் நடுவே திரைச்சீலை மட்டும்தான். படையல் எப்படியும் மனிதன் வாய்க்குத்தானே வருகிறது என்று ஊர் நியாயம் ஒன்று காதில் ஓதியது. எழுந்தேன். சிகரெட்டைக் குத்துவிளக்கிலேயே பற்றவைத்தேன்; சாம்பலைப் பக்கத்திலிருந்த தட்டில் தட்டினேன். கடைசி இழுப்பில் கதவு தட்டப்பட்டது; துண்டை இலையிலேயே போட்டுவிட்டுப் பாய்க்கு ஓடிவந்தேன். வாசலில் மீனாட்சியம்மாளின் பிள்ளைகள், “அப்பா வந்தார்! அப்பா சிகரெட் குடித்திருக்கிறார்!” என்று அழுதார்கள். மீனாட்சியம்மாளும் கும்பிட்டார். போர்வைக்குள் என் வாயை நானே பொத்திக்கொண்டேன்.

வாரம் திரும்பவில்லை. வேலையில்லாதவர்கள் புக்கிட் காதிலுக்குப் போய் மரவள்ளி நட வேண்டும் என்று ஜப்பான்காரன் உத்தரவு வந்தது. தப்பித்தோம் என்று மூட்டை கட்டினேன். வாசல் வேலிவரை வந்த மீனாட்சியம்மாள் குரலைத் தாழ்த்தினார்.

“சாம்பல் தட்டில் இருந்தது, தம்பி. என் வீட்டுக்காரர் ஒருநாளும் தட்டில் தட்டியதில்லை. தரைதான்.”

நான் மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டேன்.

“பிள்ளைகளிடம் சொல்லவில்லை. சந்தோஷமாக இருக்கட்டும்.”

எனக்குத் திதி கொடுக்க வேண்டிய மகன் கடலுக்கு அந்தப் பக்கம். நான் இருக்கிறேனா என்பதே அவனுக்குத் தெரியாது. தலை குனிந்து, “போய் வருகிறேன், மக்சிக்,” என்றேன்.

“போய் வா. நீ செத்தால் அவர் பக்கத்தில் உனக்கும் ஓர் இலை போட்டு ஒன்று வைக்கிறேன். அதுவரை தொடாதே.”