ஆலம் கரைத்த வாளி

காந்தி மார்க்கெட்டில் வாழையிலைக் கட்டு விற்கும் ஜோதிக்கு யாரிடமும் வாய் அடங்காது. துறையூர்ச் சம்பந்தியம்மாளிடம் மட்டும் அடங்கிப்போனது. காட்டூரில் ஜோதியின் வீடு தெருவிலேயே பள்ளம். ஐப்பசி மழைக்கு செப்டிக் டேங்க் பொங்கிக் குளியலறைக்கே வந்துவிடும். மகள் யாழினிக்குத் தலைப்பிரசவம் அந்த வருஷ ஐப்பசியில்தான்.

"அங்க பச்சப்புள்ளய வச்சிக்கிட்டு அல்லாட வேணாம். நாங்களே பாத்துக்கறோம்" என்று சம்பந்தியம்மாள் முன்பே சொல்லிவிட்டார்.

ஆவணியில் தெருவுக்குப் பாதாளச் சாக்கடை வந்தது. பள்ளத்து வீட்டுத் தண்ணீர் போகுமா என்று எல்லோருக்கும் சந்தேகம்.

"மெயின் குழாய் ஆழத்துல கெடக்கு. தாராளமாப் போவும். ஒரு வாளி ஊத்துங்கக்கா, பாத்துருவோம்" என்றார் இணைப்புக் கொடுத்த பிச்சமுத்து.

வெறும் தண்ணீரை ஊற்ற ஜோதிக்கு மனசு வரவில்லை. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்து வாளி நிறைய ஆலம் கரைத்தாள்.

"மாப்பிள்ளைக்கு ஆலம் சுத்துவாங்க. கக்கூஸுக்குமா?" என்றான் துபாய் வேலையிலிருந்து லீவில் வந்திருந்த எதிர்வீட்டு கியாசுதீன்.

"செவப்பா வந்தாத்தான் நம்ம வீட்டுத் தண்ணின்னு தெரியும். நீ போய் எட்டிப் பாரு தம்பி."

தெருவில் மேன்ஹோல் மூடியைத் திறந்து சுற்றி நின்றார்கள். உள்ளே கழிவறையில் ஜோதி ஊற்றினாள்.

"வந்துச்சா?"

"இல்லக்கா!"

இன்னொரு வாளி ஊற்றினாள். ஆலம் கழிவறைக்குள்ளேயே ஏறி நின்றது. ஜோதி வாளியைக் கீழே வைத்தாள். "அப்ப என் புள்ளைக்குத் துறையூர்தான்."

அவள் கணவர் தமிழ்மணி மெதுவாகச் செருமினார். "பெருச்சாளி ஏறிடுமேன்னு நேத்து வாசல் சாக்கடைத் தொட்டிக் குழாய்ல சாக்கைத் திணிச்சேன்..."

"எடுத்தீங்களா?"

அவர் வானத்தைப் பார்த்தார். பிச்சமுத்து சிரித்துக்கொண்டே தொட்டி மூடியைத் தூக்கி, கம்பியை உள்ளே விட்டுச் சாக்கை இழுத்தார். மடமடவென்று சத்தம்.

"செவப்பு! செவப்புக்கா!" கியாசுதீன் குதித்தான். "துபாய்ல எங்க கேம்ப்புக்கே லாரிதான் வந்து உறிஞ்சிட்டுப் போவும். நீங்க துபாயத் தாண்டிட்டீங்க!"

"எங்க போவுது இதெல்லாம்?" என்றாள் ஜோதி.

"சுத்திகரிப்பு நிலையத்துக்கு. சுத்தம் பண்ணித்தான் வெளிய விடுவாங்க" என்றார் பிச்சமுத்து.

ஜோதி ஈரக்கையோடு துறையூருக்குப் போன் போட்டாள். மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள், சாக்கு உட்பட.

"மழ பேஞ்சா?" என்றார் சம்பந்தியம்மாள்.

"பேயட்டுமே. வந்து இருந்து நீங்களே பாருங்க."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். "சரி சரி. வளைகாப்பு முடிஞ்ச கையோட பொண்ண அழைச்சிட்டுப் போங்க. சம்பந்திய மட்டும் எங்கயும் சாக்குத் திணிக்காம இருக்கச் சொல்லுங்க."