நான் அழித்த ஒரு வரி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று செங்கத்தில் எங்கள் தெருவே சொல்லும். பொய்யில்லை. ஒழுங்கில்லாத எதைப் பார்த்தாலும் எனக்கு உடம்பு எரியும். அப்படிப்பட்டவளை எண்பதுகளின் நடுவில் ஜவ்வாது மலைமேல் ஒரு தொலைநோக்கி நிலையத்தில் கம்ப்யூட்டர் வேலைக்கு எடுத்தார்கள். தற்காலிக வேலைதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புது உத்தரவு வரும். ராத்திரி நட்சத்திரம் பார்க்கிறவர்கள் வேறு ஆட்கள், நான் பகல் ஆள். அவர்கள் பார்த்து எழுதிவைத்த எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கணக்குப் போட்டுக் கொடுப்பேன்.

மலைக் குளிர் போதாதென்று அந்தக் கம்ப்யூட்டருக்கு ஏசி வேறு. நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, அதற்கு மேல் சால்வையும் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பார்க்கிறவர்கள் ஜுரம் வந்த பொம்பளை என்று நினைத்துக்கொள்வார்கள்.

அங்கே ப்ரோக்ராம்கள் கிடந்த லட்சணத்தைச் சொன்னால்தான் என் கதை புரியும். எந்த ப்ரோக்ராமாக இருந்தாலும் அதற்குள் சில சின்ன வேலைகள் பொதுவாக இருக்கும். கடிகார நேரத்தையும் தேதியையும் சேர்த்து ஒரே எண்ணாக மாற்றுவது ஒன்று. காற்றில் குறைந்துபோன வெளிச்சத்தைச் சரிகட்டுவது இன்னொன்று. இந்தச் சின்ன வேலைகளுக்கெல்லாம் தனித்தனியாகச் சின்ன ப்ரோக்ராம் எழுதி ஒரே இடத்தில் வைத்துவிட்டால், பெரிய ப்ரோக்ராம்கள் தேவைப்பட்டபோது பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்ளும். அந்த இடத்துக்குத்தான் லைப்ரரி என்று பெயர். ஊர்ப்பொது அண்டா மாதிரி. யார் வூட்டில் கல்யாணம் என்றாலும் அதே அண்டாதான் அடுப்பேறும்.

ஆனால் இங்கே ஆளுக்கொரு அண்டா. ஒவ்வொரு விஞ்ஞானியும் லைப்ரரியிலிருந்து தனக்கு ஒரு நகல் எடுத்து, இஷ்டத்துக்கு மாற்றி, தன் காந்த டேப்பில் தனியாக வைத்திருந்தார். பெயர் ஒன்று, உள்ளே இருப்பது வேறு. எது அசல், எது நகல் என்று கேட்டால் ஒருத்தருக்கும் பதில் தெரியாது. எழுதிய ஆளோ எப்போதோ வெளிநாட்டுக்குப் போய்விட்டார். எனக்கு வந்ததே கோபம். ஒரு மாதம் உட்கார்ந்து டிஸ்க்கில் கிடந்த நகல்களையெல்லாம் ஒப்பிட்டேன். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு நல்ல நகலை லைப்ரரியில் வைத்தேன், மற்றதையெல்லாம் அழித்தேன்.

நேரத்தை மாற்றுகிற ப்ரோக்ராமுக்கு இரண்டு நகல் இருந்தன. ஒன்று பெரிய டோமுக்கு, இன்னொன்று சின்ன டோமுக்கு. டோம் என்றால் தொலைநோக்கி இருக்கும் உருண்டைக் கூரைக் கட்டிடம். சின்ன டோம் நகலில் ஒரு வரி அதிகமாக இருந்தது, எதையோ எடுத்து எதனோடோ கூட்டியது. ஏன் என்று ஒரு குறிப்புகூட இல்லை. எவனோ வேலை வெட்டி இல்லாமல் எழுதிய வேண்டாத வரி என்று முடிவு கட்டினேன். பெரிய டோம் நகலைப் பொதுவாக்கிவிட்டுச் சின்ன டோம் நகலைத் தூக்கிக் கடாசினேன். அன்றைக்கு எனக்கிருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

இனி எல்லோரும் பொது லைப்ரரியையே பயன்படுத்த வேண்டும் என்று போர்டில் நோட்டீஸ் ஒட்டினேன். மூத்தவர்கள் படித்துவிட்டு, “பாக்கலாம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். டேப்பை டிராயருக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டார்கள் என்று அர்த்தம். சொன்ன பேச்சைக் கேட்டது ஒரே ஒரு ஆள்தான்.

அது ஓர் ஆராய்ச்சி மாணவன். என்னைவிட இரண்டு வயது சின்னவன், வாய்க்கு வாய் அக்கா என்பான். சின்ன டோமில் உட்கார்ந்து ஒரே நட்சத்திரத்தை இரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நட்சத்திரம் குறிப்பிட்ட நாளைக்கு ஒருமுறை மங்கித் திரும்பப் பிரகாசிக்கும். அது மங்குகிற நேரம் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறது என்று காட்டுவதுதான் அவனுடைய ஆராய்ச்சி. வீட்டிலோ அவனைப் படிப்பை விட்டுவிட்டு வரச்சொல்லி நெருக்கிக்கொண்டிருந்தார்கள். பேங்க் வேலைக்கு உத்தரவு வந்து பையில் கிடந்தது. அவனுடைய புரொஃபசர் ஒரு கெடு வைத்திருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் உருப்படியான வரைபடம் காட்டினால் இன்னும் ஒரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுவார். இல்லாவிட்டால், “பேங்க்ல போய்ச் சந்தோஷமா இருப்பா” என்று அனுப்பிவிடுவார்.

திங்கட்கிழமை அவன் அகலமான ப்ரிண்டர் காகிதத்தை விரித்துக்கொண்டு வந்து நின்றான். புள்ளிகள் கொட்டிய சாமை மாதிரி தாள் முழுக்கச் சிதறிக் கிடந்தன.

“அக்கா, போன மாசம் புள்ளியெல்லாம் கோட்டு மேல உக்காந்துச்சுங்க. அதே எண்ணுதான் போட்டேன். இப்ப இப்படி வருது. ப்ரோக்ராம்ல எதனா…”

“இன்னாது, ப்ரோக்ராமா? நாலு வாட்டி சரிபார்த்து வெச்சிருக்கேன். பழைய நகல்ல இருந்த தப்பும் உன் தப்பும் ஒண்ணா சேந்து சரி மாதிரி தெரிஞ்சிருக்கும். தூக்கக் கலக்கத்துல நேரத்தை எப்படி எழுதித் தொலைச்சியோ!”

அவன் எதிர்த்துப் பேசியிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன், சண்டையில் எதுவாவது வெளியே வந்திருக்கும். அவன் காகிதத்தை மடித்துக்கொண்டு, “இருக்கும்க்கா” என்றான். நான் சொன்னதை நம்பிவிட்டான். இரண்டு நாள் தன் பழைய நோட்டுகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்திருக்கிறான். வியாழக்கிழமை காலையில் பையைக் கட்டிக்கொண்டு வந்து கும்பிட்டான். “எனக்கு இது வராதுங்கக்கா. என் கையே சரியில்ல” என்று சொல்லிவிட்டு ஜமுனாமரத்தூர் போகிற ஜீப்பில் ஏறிவிட்டான். ஐயோ பாவம் என்று மனசுக்குப் பட்டது. ஆனால் தப்பு அவனுடையது என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

அவன் போய்க் கொஞ்ச நேரத்தில் சின்ன டோமின் இரவு உதவியாளர், ராத்திரி பார்த்ததைக் கட்டம் கட்டமாக எழுதிவைக்கும் லாக் புத்தகத்தைக் கொடுக்க வந்தார். நெல்லிவாசல்நாட்டுப் பக்கத்துக்காரர், என் வயசுதான் இருக்கும். வாய் மட்டும் நீளம்.

“இன்னா மேடம், நம்ம தம்பி மூட்டை முடிச்சோட ஜீப்ல போறாரு?”

“பேங்க் வேலைக்குப் போறான். இங்க எழுதுன நேரமெல்லாம் தப்பாப் பூடுச்சு.”

மனுஷனுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. “எது தப்பு? பக்கத்துல உக்காந்து நேரம் எழுதறவன் நானு. தெனம் ரேடியோல பீப் பீப்னு வர்ற சத்தத்தைக் கேட்டு, நம்ம கடியாரம் எவ்ளோ பின்னாடி ஓடுதுன்னு கடைசிக் கட்டத்துல எழுதறேன். ஒரு நாளு தவறுனது இல்ல.”

“கடைசிக் கட்டமா? அது இன்னாத்துக்கு?”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நல்லாக் கேட்டீங்க போங்க! அந்தக் கடியாரத்தைத் தொடக்கூடாதுங்க. முள்ளைத் திருப்புனா அதோட நடையே மாறிப்பூடும். தப்பா ஓடட்டும்னு வுட்டுட்டு, எவ்ளோ தப்புன்னு மட்டும் எழுதணும். கம்ப்யூட்டரு அதைக் கூட்டிக்கும்னு சொன்னாங்க. எழுதிக்கினு வர்றேன்.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பெரிய டோமில் புதுக் கடிகாரம், அதற்குப் பிழை கிடையாது, கூட்ட எதுவும் கிடையாது. சின்ன டோமுக்குத்தான் அந்த அதிகப்படி வரி. அதைத்தான் வேண்டாதது என்று அழித்திருந்தேன். அவனுடைய புள்ளிகள் ஒவ்வொரு நாளும் கடிகாரம் எவ்வளவு பின்தங்கியதோ அவ்வளவு விலகி நின்றன. நம்பாதவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. என்னை நம்பியவன் ஒருத்தன்தான், அவன் தலையில்தான் விடிந்தது.

பழைய நகலை மிச்சம் வைக்காமல் அழித்திருந்ததால் எட்டிப் பார்க்கவும் வழியில்லை. “அண்ணா, கடியாரம் பின்னாடி ஓடுனா கூட்டல் குறியா, கழித்தலா?” என்று கேட்டேன். “கூட்டல்” என்றார். “இத்தினி வருசமா எழுதறேன், என்னைக் கேட்ட மொத ஆளு நீங்கதான்.” அந்த வரியைத் திரும்ப எழுதினேன். அவனுடைய ஒரே ஒரு ராத்திரிக் கணக்கை மட்டும் ஓட்டிப் பார்த்தேன். புள்ளி போய்க் கோட்டின்மேல் உட்கார்ந்தது.

ஜமுனாமரத்தூரிலிருந்து அவன் ஊருக்குப் பஸ் மத்தியானம்தான். ஜீப்பும் போய்விட்டது. இரவு உதவியாளர் தூக்கத்தை விட்டுவிட்டுக் கூடவே ஓடிவந்து, புளி மூட்டை ஏற்றிக்கொண்டு போன லாரி ஒன்றைக் கைகாட்டி நிறுத்தினார். ஜமுனாமரத்தூரில் அன்றைக்குச் சந்தை. நல்லவேளை, சந்தை நாளில் பஸ் நேரத்துக்குக் கிளம்பியதாகச் சரித்திரமே இல்லை. அவன் மூன்றாவது சீட்டில் உட்கார்ந்திருந்தான், மடியில் யாரோ ஒரு அம்மாவின் கோழிக்கூடை.

“எறங்குடா! தப்பு உன்னுது இல்ல. என்னுது. ஒரு வரியை நான் அழிச்சுட்டேன்.”

அவன் என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். “பரவாயில்லைங்கக்கா. ஆறுதலுக்குச் சொல்றீங்க.”

அந்த ஒரு நிமிஷம் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவன் கையையே அவன் நம்பாதபடி செய்துவிட்டேனே, பாவி! அழுகை வந்தால் எனக்குக் கூடவே கோபமும் வரும். “ஆறுதல் சொல்ற மூஞ்சியா இது? நல்லாப் பாரு!” என்று கத்தினேன். பஸ்ஸே சிரித்தது. கோழிக்கூடைக்கார அம்மா, “அந்தப் பொண்ணு சொல்றது நெசம்தான்பா, எறங்கிப் போ” என்று கூடையை வாங்கிக்கொண்டார். இறங்கினான்.

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் இரண்டு வருஷக் கணக்கையும் ஓட்டி முடித்தோம். வெள்ளிக்கிழமை காலை புரொஃபசர் முன்னால் வரைபடத்தை விரித்தான், நானும் கூடப் போயிருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“திங்கட்கிழமை நீ காட்டுனது குப்பையா இருந்துச்சு. இது எப்படி?”

“மறுபடி சரிபார்த்தேன் சார். நான்தான்…” என்று அவன் ஆரம்பித்தான். என்னைக் காப்பாற்றப் பார்க்கிறான் என்று புரிந்தது. என் மூன்று மாத உத்தரவு முடிய இன்னும் பத்து நாள்தான் இருந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். நின்றிருந்தால் அவன் பொய் சொன்னவனாகவும் ஆகியிருப்பான்.

“அவன் ஒண்ணும் பண்ணலைங்க சார். லைப்ரரியில ஒரு வரி எதுக்குன்னு புரியல, நான் அழிச்சுட்டேன். அவன் வந்து கேட்டப்ப அவன் மேலயே பழியைப் போட்டேன்.”

“புரியலைன்னா கேக்கறதுதானே?”

“கேக்கற பழக்கம் இல்லைங்க சார். சொல்ற பழக்கம்தான்.”

அவருக்குக் கோபம் வருமா சிரிப்பு வருமா என்று தெரியாமல் நின்றேன். அவர் முதலில் அவனுடைய தாளில் கையெழுத்துப் போட்டார். அப்புறம் என்னைப் பார்த்து, “இன்னும் எத்தனை ப்ரோக்ராம் அந்த லைப்ரரியை நம்பிக்கிட்டு இருக்கு?” என்றார். தெரியாது என்றேன். “அதைத் தெரிஞ்சுக்கம்மா. அதுதான் வேலை” என்றார். அவ்வளவுதான், அதற்குமேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்று மத்தியானமே நோட்டைத் தூக்கிக்கொண்டு அறை அறையாகப் போனேன். லைப்ரரியில் இருக்கிற ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். அதை யார் யார் கூப்பிடுகிறார்கள், எதற்காக என்று எழுதினேன். ஏதாவது மாற்றுவதாக இருந்தால் அந்தப் பக்கத்தில் இருக்கிற அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டுத்தான் மாற்றுவது, பழையதை அழிக்காமல் எண் போட்டுத் தனியாக வைப்பது என்று முடிவு செய்தேன். திரும்ப எழுதிய வரிக்கு மேலே, இது எதற்கு, இதை ஒருமுறை அழித்தது யார் என்று ப்ரோக்ராமிலேயே குறிப்பு எழுதி வைத்தேன். மூத்தவர்கள் இந்த முறையும் “பாக்கலாம்மா” என்றார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் டிராயரைப் பூட்டித்தான் வைப்பேன்.

திங்கட்கிழமை காலை அந்த மாணவன் வந்தான். நட்சத்திரம் மங்குவதன் நடு நேரத்தைக் கண்டுபிடிக்க அவனே ஒரு சின்ன ப்ரோக்ராம் எழுதியிருந்தான். இரண்டு வருஷ உழைப்பு. அதை என் மேஜைமேல் வைத்தான்.

“இதை லைப்ரரியில போட்டுடுங்கக்கா. எல்லாரும் எடுத்துக்கட்டும்.”

“உனக்குப் புத்தி இருக்காடா? அந்த லைப்ரரியாலதான் நீ பஸ் ஏறுன.”

“ஆமாங்க. அப்புறம் நீங்க வந்து எறக்குனீங்க இல்ல” என்றான். “மத்தவங்க பூட்டி வெச்சிருக்கற டேப்புல தப்பு இருந்தா யாரு சொல்லப் போறாங்க? நீங்க சொல்லிடுவீங்க.”

சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவனை எதிரே உட்காரச் சொல்லி, அவன் ப்ரோக்ராமின் முதல் வரியைக் காட்டி, “இது இன்னாத்துக்குப்பா?” என்று கேட்க ஆரம்பித்தேன்.