காவலுக்கு வந்தவர்கள்

மைசூரில் என் தம்பி டெங்குவோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பக்கத்துக் கட்டிலில் ரத்தப் புற்றுநோயோடு ஒரு பெண் இருந்தார். அவருடைய கணவரைத்தான் சொல்கிறேன். யானை இறங்கும் காட்டோர ஹனூர்ப் பக்கத்துத் தமிழ் விவசாயி. வெயிலில் கறுத்த முகம். தோளிலிருந்து இறங்காத பச்சைத் துண்டு.

காலையில் ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் மனைவிக்கு உரக்க விளக்குவார்.

"செவப்பணு மூச்சுக்காத்தச் சொமக்கற ஆளுங்க. தட்டணு ஒடஞ்ச மடைய அடைக்கறவங்க. வெள்ளையணு பரண்மேல உக்காந்து ஆனை வெரட்டறவங்க. இன்னிக்கு வெள்ளை கூடியிருக்குது அம்மிணி! காவலுக்கு ஆளு சேந்துருச்சு!"

எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்த நோயில் வெள்ளையணு அப்படிப் பெருகுவதுதான் ஆபத்தே. வராந்தாவில் தயங்கித் தயங்கி அதைச் சொன்னேன்.

"தெரியுமுங்க," என்றார். "காவலுக்கு வந்தவங்களே வெள்ளாமையத் திங்கறாங்கன்னு டாக்டர் சொல்லிப்போட்டாரு. அவகிட்ட எப்படிங்க சொல்றது?"

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இளநீர் வாங்கப் போனார்.

நான் உள்ளே வந்ததும் அந்தப் பெண் மெல்லக் கூப்பிட்டார். "வெள்ளை கூடினா என்னன்னு நர்ஸம்மா எனக்குச் சொல்லிட்டாங்கண்ணா. அவருக்குத் தெரிய வேண்டாமுங்க. அதைப் படிக்கறப்பதான் அவரு மொகம் தெளியுது."

அவர் இளநீரோடு திரும்பி வந்தார்.

"நாளைக்கு இன்னும் ஆளு கூடுவாங்களா, மாமா?" என்று கேட்டார் அந்தப் பெண்.

"கூடுவாங்க அம்மிணி, கூடுவாங்க," என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை எங்கிருந்து கொண்டுவந்தார் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.