பதினோரு நாள் பிள்ளை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மந்தைவெளியில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியில் தண்ணீர் லாரிக்காரனிலிருந்து அசோசியேஷன் செக்ரட்டரி வரைக்கும் அதை அனுபவித்திருக்கிறார்கள். அப்பேர்ப்பட்ட வாயை ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் முப்பது வருஷம் பூட்டி வைத்திருந்தேன். போன வருஷம் என் பெண்ணின் கல்யாணப் பேச்சில் அது திறந்துகொண்டது. திறந்தது போதாதென்று பொய்யும் சொன்னது.

சுற்றி வளைக்க எனக்கு வராது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கணவரின் அண்ணாவுக்கு ஒரு பிள்ளை. அடையாறில் இருக்கிறான், தரமணியில் கம்ப்யூட்டர் வேலை, என்னைச் சித்தி என்று கூப்பிடுவான். அவன் நான் பெற்ற பிள்ளை. யார் பேரையும் இங்கே எழுதப்போவதில்லை. அவனை வளர்த்த மன்னிக்குக் கண் மங்கி, படிப்பதை விட்டு நாளாயிற்று என்ற தைரியத்தில்தான் இதையே எழுதுகிறேன்.

அப்போது அண்ணா தம்பி இரண்டு பேருக்கும் நாக்பூரில் வேலை. ஒரே வீடு. மன்னிக்கு இரண்டு தடவை கலைந்து மூன்றாவதாகத் தரித்திருந்தது, மெட்ராஸில் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. ஐந்தாம் மாதத்தில் அதுவும் போயிற்று. கர்ப்பப்பையையும் எடுத்துவிட்டார்கள். எனக்கு அப்போது நாலாம் மாதம். ஐந்து முடியாமல் வெளியே சொல்லக் கூடாது என்று யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. அம்மா போய்விட்டதால் பிரசவத்துக்குப் போகப் பிறந்தகமும் கிடையாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பத்தாம் நாளே மன்னி எழுந்து எனக்கு மிளகு ரசம் வைத்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, என் வயிறு கண்ணில் படாதபடி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். எனக்குத் தாங்கவில்லை. "இதை நீங்களே வளத்துக்கோங்கோ மன்னி" என்று சொல்லிவிட்டேன்.

ஒருத்தரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல். யாராவது மிரட்டியிருந்தால் அவர்களைத் திட்டியே காலத்தை ஓட்டியிருப்பேன். இருபத்திமூன்று வயசு, நல்லவள் என்று பேர் வாங்க அப்படி ஒரு ஆசை. என் கணவர், "யோசிச்சுச் சொல்லு" என்றார். அவர் வாழ்க்கையில் செய்த மிகப் பெரிய எதிர்ப்பு அதுதான்.

பதினோராம் நாள் பேர் வைத்து, மன்னி மடியில் போட்டேன். தத்துக்கான ஹோமம், காகிதம் எதுவும் இல்லை. சுவாமி விளக்கை ஏற்றி வைத்து மன்னி சத்தியம் வாங்கிக்கொண்டாள். "செத்தாலும் யாருக்கும் தெரியக் கூடாது, அவனுக்கும்தான்." மெட்ராஸுக்கு மன்னிக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது என்று தகவல் போயிற்று. இரண்டு வருஷம் கழித்து என் பெண் வயிற்றில் வந்தபோது நாங்கள் மயிலாப்பூருக்கே வந்துவிட்டோம். எனக்கு அமர்க்களமாகச் சீமந்தம் செய்தார்கள். முதல் கர்ப்பத்துக்கு மட்டும் செய்கிற சடங்கு அது. கை நிறைய வளையலைப் போட்டுக்கொண்டு மனையில் உட்கார்ந்திருந்தேன். எதிரே மன்னி இடுப்பில் அவன். வளையல் வேண்டும் என்று என்னைப் பார்த்து ஒரே அழுகை.

இனி கல்யாணப் பேச்சு. என் பெண்ணும் அவள் விரும்பிய பையனும் மூன்று வருஷமாக ஒருத்தருக்காக ஒருத்தர் காத்திருந்தவர்கள். பையனுக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்து, ஆடிக் கடைசியில் கிளம்பவேண்டும். போனால் ஒன்றரை வருஷத்துக்கு லீவு இல்லை. ஆடியில் நம்மில் கல்யாணம் கிடையாது. ஆக, விட்டால் ஆனிதான். மயிலாப்பூரில் யாரோ வேண்டாம் என்று விட்ட மண்டபம் ஆனியில் ஒரு நாளைக்குக் கிடைத்தது. எல்லாம் கூடி வந்ததே என்று பையனின் அம்மா தாம்பாளத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். மன்னியும் வந்திருந்தாள். பஜ்ஜி தட்டைத் தூக்கிக்கொண்டு அவன் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருந்தான். என் பெண்ணுக்கு அண்ணா இல்லையா, எல்லா வேலையும் அவன்தான்.

சாஸ்திரிகள் பஞ்சாங்கத்தை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். "பையன் தலைச்சனோ?"

"ஒரே பிள்ளை" என்றாள் அந்த அம்மா.

"பொண்ணும் தலைச்சன். மாசம் ஆனி. இது மூணு ஜ்யேஷ்டையாச்சே மாமி. ரெண்டு சேரலாம், மூணு சேரப்படாது."

தலைச்சன் பிள்ளை, தலைச்சன் பெண், ஆனி மாதம், மூன்றும் ஒரே கல்யாணத்தில் சேர்ந்தால் ஆகாது என்று எங்களில் ஒரு வழக்கம். பாதிப் பேர் பார்ப்பதில்லை. அந்த அம்மா பார்க்கிறவள். கணவர் இல்லாமல் தனியாக வளர்த்தவள், பயந்தவள். நீட்டிய தாம்பாளத்தை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"எனக்கு இருக்கறது இவன் ஒருத்தன்தான். தெரிஞ்சே பண்ண மனசு வரலை. அடுத்த தடவை லீவுல வரச்சே பாத்துக்கலாம்."

"மாமி, இந்தக் காலத்துல போய்..." என்று அவன் பஜ்ஜி தட்டோடு ஆரம்பித்தான். மன்னி கையமர்த்தினாள். என் பெண் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி, விரல் வெளுத்துப் போயிருந்தது. அவளைப் பார்த்தேன். அவ்வளவுதான், வாய் தானாகப் பேசியது.

"இவ தலைச்சன் இல்லை. இவளுக்கு முன்னாடி எனக்கு ஒரு பிள்ளை பிறந்தான். போயிட்டான்."

என் கணவர் கூடத்து மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து அதைத் துடைக்கப் போகிறாரோ என்றுகூடத் தோன்றியது. மன்னி பக்கம் நான் திரும்பவே இல்லை.

அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அடப் பாவமே. எத்தனை நாள் இருந்தான்?"

"பதினோரு நாள்."

அது மட்டும் பொய் இல்லை. சொன்னதும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அடக்க முடியவில்லை. சாஸ்திரிகள், "அப்போ முதல் கர்ப்பமே இல்லையே, தோஷமும் இல்லை, பேஷாப் பண்ணலாம்" என்று பஞ்சாங்கத்தைத் திரும்பப் பிரித்தார். அவன் தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து, தோளைச் சுற்றிக் கை போட்டான். "ஏன் சித்தி எங்க யார்கிட்டயும் சொல்லலை? தனியாவே வச்சுண்டு இருந்தியா?" அவன் பெரியவனான பிறகு என்னை அப்படிக் கட்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை. செத்துப்போய்விட்டான் என்று நான் சொன்னதற்கு எனக்குக் கிடைத்த சன்மானம்.

எங்கள் வீட்டில் வேலை செய்கிறவளும் சமையலறையிலிருந்து கேட்டிருக்கிறாள். பாத்திரம் தேய்த்துக்கொண்டே மூக்கை உறிஞ்சினாள். "இன்னாம்மா நீ, இத்தினி வருசமா கீறேன், எங்கிட்டகூட ஒரு வார்த்த சொல்லலியே" என்றாள். "போய் வேலையைப் பாரு" என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன்.

மன்னி தலை வலிக்கிறது என்று ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள். மறுநாள் காலை அடையாறுக்குப் போனேன். அவன் ஆபீஸ் போயிருந்தான். மன்னி அவன் பேருக்கு அர்ச்சனை செய்து வந்த தேங்காய் மூடியைக் கையில் வைத்துக்கொண்டே கதவைத் திறந்தாள். உட்கார் என்று சொல்லவில்லை.

"கலைஞ்சு போச்சுன்னு சொல்லியிருக்கப்படாதா? அதுவே போறுமே. குத்துக்கல்லாட்டம் முன்னாடி நிக்கற பிள்ளையைப் போயிட்டான்னியே, உனக்கு எப்படிடி வாய் வந்தது?"

"பொய்யாச் சொன்னா ஆயுசு கெட்டிம்பா மன்னி."

"உனக்கென்ன, நீ சொல்லுவே."

மன்னி கேட்டது நியாயம். கலைந்தது என்று சொல்லியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். ராத்திரி பூரா அதைத்தான் என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். பதில் கேவலமானது, ஆனால் உண்மை. இந்த முப்பது வருஷத்தில் ஒரே ஒரு தடவையாவது, நாலு பேர் நடுவில், எனக்கு ஒரு பிள்ளை பிறந்தான் என்று சொல்ல எனக்கு ஆசையாக இருந்தது. அதற்கு அவனைக் கொன்றாலும் பரவாயில்லை என்று தோன்றிவிட்டது. மன்னியிடம் இதைச் சொல்லவில்லை. "தப்புதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

கல்யாணம் ஆனியில் நன்றாகவே நடந்தது. பொரியிடும்போது சாஸ்திரிகள், "பொண்ணுக்கு அண்ணா தம்பி யாரு, வாங்கோ" என்றார். கூடப் பிறந்தவன் பொரியை அள்ளிப் பெண்ணின் கையில் போடவேண்டும், அவள் அதை அக்கினியில் போடுவாள். சொந்தத்தில் இல்லாவிட்டால் பெரியப்பா பிள்ளை போடலாம். அவன் சிரித்துக்கொண்டே வந்து, தங்கை கை நிறையப் போட்டான். மன்னியும் நானும் அடுத்தடுத்து நின்றிருந்தோம். இரண்டு பேருக்கும் புகை கண்ணில் பட்டதாகப் பேர்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். மூன்று வாரத்தில் ஆடி அமாவாசை வந்தது.

அமாவாசையில் எள்ளும் தண்ணீரும் விடுவது அப்பா போய்விட்ட பிள்ளைகள் மட்டும் செய்வது. மன்னியின் கணவர் போய் நாலு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து அவன் விடாமல் செய்கிறான். ஒவ்வொரு அமாவாசையும் என் கணவர் காலையிலேயே மெரினா பக்கம் நடக்கப் போய்விடுவார். தன் பிள்ளை, தான் உயிரோடு இருக்கும்போதே அப்பாவுக்கு எள் இறைக்கிறான் என்பதை அவர் ஒரு நாளும் வாய் விட்டுச் சொன்னதில்லை.

அமாவாசைக்கு முதல் நாள் சாயங்காலம் அவன் ஆபீஸிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தான். காபி கேட்டான். குடித்துக்கொண்டே, "சித்தி, அந்தக் குழந்தைக்குப் பேர் வச்சேளா?" என்றான்.

"எதுக்குடா இப்போ அது?"

"நாளைக்கு அவனுக்கும் விடலாம்னு இருக்கேன். சாஸ்திரிகளைக் கேட்டேன். அத்தனை சின்னக் குழந்தைக்குக் கிடையாதுன்னார். மனசு கேக்கலைன்னா பேரைச் சொல்லி ஒரு கை விடு, தப்பில்லைன்னார். கோத்திரம் நமக்கு ஒண்ணுதானே. பேர்தான் வேணும். உனக்காகச் செய்யறேன் சித்தி. அவனுக்குன்னு யார் இருக்கா?"

உலகத்தில் பேருக்கா பஞ்சம்? வாயில் வந்த ஒன்றைச் சொல்லியிருக்கலாம். ஆனால் எந்தப் பேரைச் சொன்னாலும் அவன் தனக்குத்தானே எள்ளும் தண்ணீரும் விட்டுக்கொள்வான்.

"விடாதே" என்றேன்.

"ஏன்?"

"உயிரோட இருக்கறவாளுக்கு விடப்படாது."

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "இருக்கானா? எங்க சித்தி?"

பதினோராம் நாள் நாக்பூரில் வைத்த பேரைச் சொன்னேன். உள்ளேயிருந்து என் கணவர் இருமினார்.

அவன் ஒரு தடவை உள் அறையைத் திரும்பிப் பார்த்தான். பிறகு பைக் சாவியைத் தேடினான், அது அவன் கையிலேயே இருந்தது. மாடிப்படி இறங்கிப் போய்விட்டான். "ஹெல்மெட்டைப் போட்டுண்டு போடா" என்று பின்னாலேயே கத்தினேன். எனக்கு வேறு என்ன சொல்லத் தெரியும்?

மறுநாள் என் கணவர் நடக்கப் போகவில்லை. வாசல் கதவைத் திறந்து வைத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பத்து மணிக்கு அவன் வந்தான். வேட்டி, நெற்றியில் காயாத விபூதி. அவர் எதிரே ஒரு நிமிஷம் நின்றான்.

"அப்பாவுக்கு விட்டுட்டு வரேன், சித்தப்பா" என்றான்.

அவர், "சரிப்பா" என்றார்.

அவன் சமையலறைக்கு வந்தான். என்னை அம்மா என்று கூப்பிடுவான் என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு எனக்கு இருந்தது, மறைப்பானேன். ராத்திரி முழுக்க அதற்குத்தான் விழித்திருந்தேன்.

"நான் தெரிஞ்சுண்டது அம்மாவுக்குத் தெரியப்படாது, சித்தி" என்றான். "தெரிஞ்சா அவ தாங்க மாட்டா. செத்தாலும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

அலமாரியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அவன் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.